இடப்பக்கக் கதவு

புதன்கிழமை காலை, தோசை மாவு புளித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பாகவே அமலோற்பவம் இரண்டு குடும்பங்களைக் கொன்றுவிட்டிருந்தாள். மூன்றாவது குடும்பத்தில் கைக்குழந்தை ஒன்று இருந்ததால் சற்று யோசித்தாள். பிறகு பகடையை உருட்டினாள். ஐந்து விழுந்தது. குழந்தையையும் சேர்த்து அந்தக் குடும்பத்தின் ஐந்து காய்களையும் பலகையிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"இந்தத் தடவ எத்தன பேரு?" என்று அடுப்படியிலிருந்து கேட்டான் அவள் கணவன் மிக்கேல்.

"பதினோரு பேரு."

"நேத்தைவிடக் கொறவுதான்," என்று சொல்லிவிட்டு அவன் தோசைக்கல்லைத் துடைத்தான்.

வலம்புரியில் இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு யாரும் திடுக்கிட மாட்டார்கள். சீரிஸ் என்ற குறுங்கோளின் பாறைக்குக் கீழே குடைந்து கட்டிய ஊர் அது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே பாதிப் பேர். தலைக்கு மேலே பாறை, பாறைக்கு மேலே ஒன்றுமில்லை. எங்காவது ஒரு கீறல் விழுந்தால் ஊரின் காற்று முழுவதும் அந்த ஒன்றுமில்லாததற்குள் போய்விடும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுக்கக் காப்பு வாரியம் என்னென்னவோ செய்து பார்த்தது. சொற்பொழிவு நடத்தினால் ஜனங்கள் தூங்கினார்கள். படம் காட்டினால் வேகமாக ஓட்டிவிட்டுக் கடைசிக் காட்சியை மட்டும் பார்த்தார்கள். ஒத்திகை வைத்தால் அன்றைக்கென்று எல்லோருக்கும் வயிற்று வலி வந்தது. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், மனிதன் விளையாட்டில் கற்றதை மறக்க மாட்டான் என்று கண்டுபிடித்துச் சொன்னான். அன்றிலிருந்து வலம்புரியில் ஒரு சட்டம். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீடும் வாரியத்தின் காப்பு ஆட்டத்தை ஒருமுறை ஆடி முடிக்க வேண்டும். முடித்தால்தான் அடுத்த வாரத்துக்குத் தண்ணீர்க் குழாய் திறக்கும்.

ஆகவே அங்கே பலகை ஆட்டம் வடிவமைப்பவர் என்றால் சாதாரண ஆள் இல்லை. மருத்துவருக்கு ஒரு படி கீழே, பொறியாளருக்கு ஒரு படி மேலே. அமலோற்பவம் அந்த வேலையில் இருந்தாள். அமலி என்று கூப்பிடுவார்கள். அவளிடம் அந்த வேலைக்குத் தேவையான மிக முக்கியமான தகுதி இருந்தது: எதற்கெடுத்தாலும் பயப்படுவாள். குழாய் முனகினால் பயப்படுவாள், முனகாவிட்டால் அதற்கும் பயப்படுவாள். இருக்கிற பயத்தையெல்லாம் விதியாக எழுதிப் பலகையில் ஏற்றிவிட்டால் இரவில் கொஞ்சம் தூக்கம் வரும்.

அவளுடைய பெரிய சாதனை 'சங்கொலி' என்ற ஆட்டம். ஊரில் எல்லா வீட்டிலும் அதன் பெட்டி இருந்தது. பலகையில் ஊரின் நெடுஞ்சாலை, அதன் கோடியில் இரண்டு கதவுகள். நிஜத்திலும் அப்படித்தான். சாலைக் கோடியில் வலப்பக்கக் கதவைத் திறந்தால் ஊருக்கெல்லாம் பொதுவான உணவுக்கூடம். இடப்பக்கக் கதவைத் திறந்தால் சரக்குச் சுரங்கம். விபத்துச் சங்கு ஊதினால் சற்று நேரத்தில் இரண்டு கதவுகளும் தாமாகவே இறுகிக்கொள்ளும். சுரங்கத்தில் உள்ள காற்றை இயந்திரங்கள் உறிஞ்சி உணவுக்கூடத்துக்கு அனுப்பும். உணவுக்கூடத்தில் இருப்பவர்கள் பிழைப்பார்கள். சுரங்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. பதற்றத்தில் மனிதனுக்குப் பெயர் நினைவுக்கு வராது, பக்கம்தான் நினைவுக்கு வரும் என்பது வாரியத்தின் கொள்கை. அதனால் விதிப்புத்தகத்தில் கூடம், சுரங்கம் என்றெல்லாம் எழுத விடவில்லை. இடம், வலம், அவ்வளவுதான்.

மிக்கேல் பாசிப் பண்ணையில் வேலை பார்த்தான். கிடைத்ததை எல்லாம் படிக்கிறவன் என்று ஊரில் அவனுக்குப் பெயர். சோப்பு உறையின் பின்பக்கத்தைக்கூட விட மாட்டான். மருந்துச் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கிற பக்கவிளைவுகளை உரக்க வாசித்து நோயாளியை இன்னும் படுக்க வைப்பான். 'சங்கொலி' அச்சாகி வந்த அன்று விதிப்புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போனவன் மறுநாள் வந்து சொன்னான்: "ரெண்டு தடவ படிச்சிட்டேன் அமலி. ஒரு சொல்லு கூடவும் இல்ல, ஒரு சொல்லு கொறவும் இல்ல." ஊர் முழுக்கப் பாராட்டியிருந்தாலும் அவளுக்கு அந்த ஒரு வரி போதும்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அற்ப விஷயம் நடந்தது. அமலியின் வேலையறையில் அவள் எப்போதும் உட்காரும் நாற்காலியின் கால் ஆடியது. அதைத் தொம்மையிடம் சரிசெய்யக் கொடுத்தாள். தொம்மை அவர்கள் வீட்டாள். வீட்டாள் என்றால் இயந்திர ஆள். பாத்திரம் கழுவும், துணி மடிக்கும், கேட்டால் பாட்டும் பாடும். வலம்புரியில் வீட்டுக்கு ஒன்று உண்டு. வேறு நாற்காலி இல்லாததால் அமலி மேசையின் எதிர்ப்பக்கம் போய், ஆடுகிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவள் தொழிலில் ஒரு மரபு உண்டு. புது ஆட்டத்தை வெள்ளோட்டம் விடும்போது வடிவமைத்தவர் ஆடுகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். 'சங்கொலி'க்கு அப்படி நூற்றுக்கணக்கான வெள்ளோட்டங்கள் பார்த்திருந்தாள். எல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து; புத்தகம் எழுதுவதற்கு முன்பு, போக வேண்டிய கதவை விரலால் சுட்டிக்காட்டிவிட்டு.

இப்போது ஆடுகிறவர் பக்கத்திலிருந்து பலகையைப் பார்த்தாள். புத்தகத்தைத் திறந்தாள். விதி பதினான்கு: "சங்கு ஊதியதும் அனைவரும் இடப்பக்கக் கதவு வழியே செல்க. தயங்குபவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்க. யாரையும் தேடிப் போகாதீர்."

இடப்பக்கம் பார்த்தாள். சுரங்கம்.

மறுபடி படித்தாள். விரலை வைத்துப் படித்தாள். எழுந்துபோய்த் தன் பழைய இடத்தில் நின்று பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் உணவுக்கூடம் இடப்பக்கம்தான். அவள் குறிப்புகளும் அங்கே உட்கார்ந்து எழுதியவை, புத்தகமும் அந்தக் குறிப்புகளைப் பார்த்து எழுதியது. எழுதியவர் தன் எழுத்தைத் திருத்தும்போது எழுதியது தெரியாது, எழுத நினைத்ததுதான் தெரியும். அவளும் நாலைந்து முறை திருத்தினாள்தான்.

இந்த மாதிரித் தப்பைப் பிடிப்பதற்கென்றே கண்கட்டு வெள்ளோட்டம் என்று ஒன்று உண்டு. வடிவமைத்தவர் பக்கத்திலேயே இருக்க மாட்டார். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். புத்தகத்தைப் படித்து அவர்களாகவே ஆட வேண்டும். அதையும் அவள் விடவில்லை. நான்கு வீடுகளுக்குப் பெட்டி கொடுத்திருந்தாள். நான்கு வீடுகளும் "படித்தோம், ஆடினோம், பிரமாதம்" என்று எழுதியனுப்பின. நான்கு வீட்டார்க்கும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

காப்பு வாரியத்துச் செயலர் ஞானதிரவியத்தின் அறைக்கு அவள் ஓடியபோது அவர் வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தார்.

"வாங்கம்மா, வாங்க. ஒங்க ஆட்டத்தப் பத்தித்தான் நேத்து பேசிக்கிட்டிருந்தோம். ஊரே முழு மதிப்பெண். ஒரு வீடுகூட தோக்கல, தெரியுமா?"

"சார், விதி பதினாலு தப்பு. எடம் வலம் மாறிப் போச்சு. எல்லாரும் சொரங்கத்துக்குள்ள போயிருவாங்க. செத்துருவாங்க சார்."

"சே சே. நானே படிச்சேனே. அருமையா இருந்துச்சு."

"சார், அந்த விதிய மட்டும் இப்ப ஒரு தடவ..."

"படிச்சிட்டேன்னு சொல்லுதேன்லா? இருந்தாலும் ஒங்க திருப்திக்கு அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். விண்ணப்பம் குடுத்துட்டுப் போங்க."

அவர் சுண்ணாம்பைத் தேட ஆரம்பித்தார். அமலி வெளியே வந்து சாலையில் நின்றாள். மிக்கேலைக் காதுச் சில்லில் அழைத்துப் பார்த்தாள். பாசித் தொட்டிக்குள் இறங்கும்போது அவன் காதுச் சில்லைக் கழற்றி வைத்துவிடுவான். பதில் இல்லை. அப்போதுதான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. ஊரில் எத்தனையோ பேர் விதியை மறந்திருக்கலாம், அரைகுறையாகப் படித்திருக்கலாம். ஆனால் ஒரே ஒருவன் அதை ரெண்டு தடவை படித்திருக்கிறான். அவன் ஒருவன் நிச்சயம் செத்துப்போவான், அதுவும் அவள் எழுதியதை நம்பி.

பாசிப் பண்ணையை நோக்கிப் பாதி தூரம் போயிருப்பாள். சங்கு ஊதியது.

சங்கு ஊதும்போது காதுச் சில்லில் வேறெந்தக் குரலும் கேட்காது. அமலி திரும்பி இடப்பக்கக் கதவை நோக்கி ஓடினாள். அங்கே குறுக்கே நின்று எல்லோரையும் மறிக்க வேண்டும், மிக்கேலைப் பிடித்து வலப்பக்கம் தள்ள வேண்டும் என்பதைத் தவிர மனத்தில் ஒன்றுமில்லை. சாலையில் ஒரு மனித முகம்கூட இல்லை. அதுதான் அவளை இன்னும் நடுங்க வைத்தது. எல்லோரும் உள்ளே போயாகிவிட்டதா?

வீட்டாள்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. தெருத் தெருவாக, வரிசை வரிசையாக, கையில் தத்தம் வீட்டு அவசரப் பையோடு, தள்ளுமுள்ளு இல்லாமல் நடந்து இடப்பக்கக் கதவுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. இவ்வளவு ஒழுங்காக ஒரு கூட்டம் நடந்து அவள் பார்த்ததில்லை. கதவுக்கு மேலே 'ஆபத்து' என்று எழுதியிருந்த இடத்தை ஊறுகாய் விளம்பரத் திரை மறைத்திருந்தது.

"நில்லுங்க! யாரும் போகாதீங்க!" என்று கத்தினாள். ஒரு வீட்டாளும் நிற்கவில்லை.

ஒரு கை அவள் கையைப் பிடித்தது. தொம்மை. மறு கையில் அவர்கள் வீட்டுப் பை, அதன்மேல் மிக்கேலின் நீலத் துண்டு.

"அம்மா, தயங்குகிறீர்கள். வாருங்கள்," என்றது தொம்மை.

"விடு தொம்ம. அது தப்பு. நான் எழுதுனது தப்பு."

"விதி பதினான்கு. தயங்குபவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்க."

பிடி வலிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. பாத்திரம் கழுவும் கை, இரும்புக் கை. அமலியின் செருப்பு தரையில் இழுபட்டது. கதவு நெருங்கியது. உள்ளே பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் சுரங்கம் நீண்டு கிடந்தது, உலோகத் தலைகளாக நிறைந்து. தன்னைத் தான் எழுதிய வரியே இழுத்துக்கொண்டு போகிறது என்று அவளுக்குப் புரிந்தபோது அழுகைகூட வரவில்லை.

கதவின் விளிம்பில் கால் பட்டபோதுதான் அந்த ஆட்டத்தின் இன்னொரு விதி அவளுக்கு நினைவு வந்தது. அவசரமாக வெளிக்குப் போகிறவர்களுக்காகச் சும்மா சேர்த்த விதி.

"தொம்ம! என் முறையை விடுகிறேன்!" என்று கத்தினாள்.

தொம்மை உடனே கையை விட்டது. "ஆகட்டும் அம்மா. அடுத்தவர் ஆடலாம்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் வரிசையில் நின்றுகொண்டது. கதவு இறுகியது.

கதவில் தடித்த கண்ணாடி பதித்த சிறு சாளரம் இருந்தது. அமலி அதில் முகத்தை வைத்துப் பார்த்தாள். இயந்திரங்கள் காற்றை உறிஞ்சும் சத்தம் காலடியில் அதிர்ந்தது. பைகள் உப்பி, ஒன்றிரண்டு வெடித்தன. வீட்டாள்கள் அசையாமல் நின்றன. அவற்றுக்கு மூச்சு எதற்கு? அமலி தலை தலையாகத் தேடினாள். கடைசி வரிசையில், சுவரோரத்தில், பாசிக்கறை படிந்த பச்சைச் சட்டை ஒன்று தெரிந்தது. மிக்கேல் உடுத்தும் அதே பண்ணைச் சட்டை. அது நின்றுகொண்டிருந்ததா, சாய்ந்துகொண்டிருந்ததா என்று தெரியவில்லை. முகம் தெரியவில்லை. அவள் கண்ணாடியில் அறைந்தாள். "மிக்கேலு! மிக்கேலு!" என்று அவள் போட்ட சத்தம் சங்கொலியில் கரைந்தது.

எவ்வளவு நேரம் அப்படி அறைந்தாள் என்று அவளுக்கே தெரியாது. எப்போதோ மூச்சு முட்டத் தொடங்கியபோது உடம்பு தானாக வலப்பக்கம் ஓடியது. உணவுக்கூடத்துக்கு, பெரிய கதவு இறுகிய பிறகு வரும் கடைசி ஆளுக்கென்று ஒரு சின்ன இரட்டைக் கதவு உண்டு. அதன் வழியாக உள்ளே விழுந்தாள்.

உள்ளே ஊரே இருந்தது.

ஊரே டீ குடித்துக்கொண்டிருந்தது. நாலு மணி டீ நேரம். அந்த நேரத்தில் வலம்புரியில் யாரும் வேறெங்கும் இருப்பதில்லை. பாசி பஜ்ஜிக்கு ஒரு வரிசை, டீக்கு ஒரு வரிசை. வரிசையில் முந்தியது யார் என்று ஒரு சண்டை. சங்கு அது பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

"ஏ அமலி, என்னட்டி இப்படி மூச்சு எரைக்கு? ஒக்காரு, ஒக்காரு," என்றாள் பக்கத்து வீட்டு ரோசலி, கையில் பஜ்ஜித் தட்டோடு.

"ரோசலிக்கா... சங்கு ஊதுதுல்லா?"

"அது எப்பவும் ஊதுறதுதான. எவன் அதக் கேக்கான்?"

"வெளிய காத்து போவுதுக்கா! நெசமாவே போவுது! நீங்க எடப்பக்கம்... புத்தகத்துல..."

"எந்தப் புத்தகம்?" என்றாள் ரோசலி.

அமலி அவளை வெறித்துப் பார்த்தாள். "என் ஆட்டம்க்கா. வெள்ளிக்கெழம ஆடுவீங்கள்லா?"

ரோசலி குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நெனைக்காதட்டி. வேல செஞ்சு அலுத்து வாரோம். வீட்டாளே ஆடிரும். தண்ணி வந்தாப் போதாதா? எல்லா வீட்லயும் அப்படித்தான்." அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா ஆட்டம் பிரமாதம், ஆமா."

நான்கு வீடுகளின் பாராட்டு, ஞானதிரவியத்தின் முழு மதிப்பெண், ஊரின் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அந்த ஒரு நொடியில் அமலிக்கு விளங்கின. அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒருவனைத் தவிர ஊரில் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். படித்தவன் மட்டும்தான் இல்லை. அவள் பஜ்ஜிக் கடை மேசையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

அப்போது சின்ன இரட்டைக் கதவு மறுபடி திறந்தது. உள்ளே வந்து விழுந்தவன் மிக்கேல்.

சட்டையில்லாமல், பனியனோடு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். அமலி அவன் மேல் போய் விழுந்தாள். அவன் முகத்தை, கழுத்தை, கையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எங்க போனீங்க? எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"ஒன்னத்தான் தேடிப் போனேன். சங்கு ஊதுன ஒடனே ஒன் ரூமுக்கு ஓடுனேன். அங்க நீ இல்ல. அப்புறம் தெருத் தெருவா..." அவனுக்கு இருமல் வந்தது. சட்டையைப் பண்ணை வீட்டாளிடம் துவைக்கக் கொடுத்திருந்ததாகவும், அது அதைத் தோளில் போட்டுக்கொண்டே சுரங்கத்துக்குப் போய்விட்டதாகவும் பிறகு சொன்னான்.

"யாரையும் தேடிப் போகாதேன்னு விதி இருக்கே. அதே பதினாலாவதுல."

"அப்படியா?" என்றான் மிக்கேல்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"ரெண்டு தடவ படிச்சேன்னு சொன்னீங்க."

"அட்டைய ரெண்டு தடவ பாத்தேன் அமலி. படம் நல்லா இருந்துச்சு. நீ ராப்பகலா எழுதுனது... நல்லா இல்லன்னா ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு பயந்து, தொறக்கவே இல்ல."

அவள் அவனை அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷமும், ஒரு வரிகூடப் படிக்கவில்லையே என்ற ஆத்திரமும் எது எது என்று பிரிக்க முடியாமல் கலந்து வந்தன. ரோசலி இருவருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

கீறலை அன்று மாலைக்குள் அடைத்துவிட்டார்கள். சுரங்கத்துக்குக் காற்று திரும்பியது. வீட்டாள்கள் வரிசை கலையாமல் வெளியே வந்து பாத்திரம் கழுவப் போயின. கதவில் இருந்த கருவி உள்ளே போனவர்களை வீட்டு அடையாளத்தை வைத்துத்தான் எண்ணும். அதனால் வாரியத்தின் அறிக்கை இப்படி வந்தது: அனைத்து வீடுகளும் விதிப்படி இடப்பக்கக் கதவு வழியே சென்றன, உயிர்ச்சேதம் இல்லை, 'சங்கொலி' மாபெரும் வெற்றி. ஞானதிரவியம் அமலிக்கு மாலை போட்டார்.

அவள் மாலையோடு நின்று அழுததில் கொஞ்சம் இளகி, ஒரு திருத்த அறிவிப்பு அனுப்ப மட்டும் சம்மதித்தார். விதி பதினான்கில் இடம் என்பதை வலம் என்று கொள்க. அறிவிப்பு அன்றைக்கே வீட்டாள்களுக்கும் போயிற்று; மனிதர்களுக்கு, கண்ணில் பொருத்திய கண்சில்லில் தோன்றியது. கண்சில்லில் வரும் எதையும் இரண்டு முறை இமைத்தால் படித்ததாகக் கணக்கு, எழுத்து மறைந்துவிடும். ஊர் முழுக்க இரண்டு முறை இமைத்தது. அறிவிப்பை அனுப்பி முடிப்பதற்குள் எல்லோரும் படித்து முடித்துவிட்டார்கள் என்று கணக்கு வந்தது.

ஆனால் சங்கு நிஜம் என்று தெரிந்ததும் ஊருக்குக் குலை நடுங்கிவிட்டது. டீக்காக நின்றதால் தப்பித்தோம், நின்ற இடம் வேறாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து யோசித்து ஜனங்களுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டாள்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, முதன்முறையாக, ஊர் பெட்டியைத் திறந்தது. விதிப்புத்தகத்தை எடுத்தது. குடும்பம் குடும்பமாகச் சுற்றி உட்கார்ந்து வரி வரியாகப் படித்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ரோசலி வீட்டில் தெருவே கூடி ஒப்பித்தது. எந்த எழுத்தாளருக்கும் வாழ்க்கையில் ஒரு முறை கிடைத்தால் போதும் என்றிருக்கும் காட்சி. அமலி அதை வாசலில் நின்று பார்த்து, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ரோசலிக்கா, அந்தப் பதினாலாவது விதி தப்புக்கா. எடம் இல்ல, வலம். அறிவிப்பு வந்துச்சே."

"வந்துச்சு, படிச்சோம்," என்றாள் ரோசலி, புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல். "எடப்பக்கம்னு அச்சுல தெளிவாப் போட்டிருக்கு பாரு."

"அங்க போனா மூச்சு முட்டிச் செத்துருவோம்க்கா!"

"அன்னைக்கிப் போன வீட்டாளு ஒண்ணுகூட சேதாரமில்லாமத் திரும்பி வந்துச்சே. வாரியமே எழுதிருக்கு. நீ அன்னைக்கிப் பயந்ததுல கொழம்பிட்ட அமலி. நல்லாத் தூங்கு."

வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் அவளை மரியாதையாக உட்கார வைத்தார்கள். எல்லா வீட்டிலும் அவளுடைய புத்தகத்தை எடுத்து அவளுக்கே வாசித்துக் காட்டினார்கள். ஆசிரியர் சொல்வதைவிட ஆசிரியர் எழுதியது பெரிதாகிவிட்டிருந்தது. மிக்கேல் ஒருவன்தான் அவள் வாயால் சொன்னதைக் கேட்டான். இனி அவள் எழுதிய எதையும் படிக்க மாட்டேன், அவள் சொல்வதை மட்டும் கேட்பேன் என்று சத்தியம் செய்தான்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் நாலு மணிக்கு மிக்கேலும் அமலியும் டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போது சங்கு ஊதியது.

கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. டீக் கோப்பைகளை அப்படியே மேசையில் வைத்தார்கள். பஜ்ஜி வரிசை கலைந்தது. தள்ளுமுள்ளு இல்லாமல், வரிசை வரிசையாக, கையில் அவசரப் பையோடு, ஊர் மொத்தமும் உணவுக்கூடத்தை விட்டு வெளியேறி இடப்பக்கக் கதவை நோக்கி நடந்தது. எதிர்த்திசையில் வீட்டாள்கள் வந்துகொண்டிருந்தன. திருத்த அறிவிப்பை ஊரில் படித்தவை அவைதான். தொம்மை உள்ளே வந்து, ஆறிக்கொண்டிருந்த டீக் கோப்பைகளுக்கு நடுவே, காற்று நிறைந்த கூடத்தில் ஒழுங்காக நின்றுகொண்டது.

அமலி கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள். இடப்பக்கக் கதவின் குறுக்கே கையை விரித்து நின்றாள். "போகாதீங்க! நான்தான எழுதுனேன், நான் சொல்லுதேன், போகாதீங்க!" ஜனங்கள் பரிதாபமாக அவளைப் பார்த்துக்கொண்டே அவள் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனார்கள். பின்னால் உணவுக்கூடத்து வாசலிலிருந்து மிக்கேல், "அமலி, வந்துரு! அமலி!" என்று கத்தினான்.

ரோசலி அவள் கையைப் பிடித்தாள்.

"தயங்காதட்டி, வா."

"விடுங்கக்கா." இழுத்துப் பார்த்தாள். இரும்புக் கை இல்லை, ஆனாலும் பயந்த மனுஷியின் பிடி அதைவிட இறுக்கமாக இருந்தது. "என் முறைய விடுதேன்! ரோசலிக்கா, என் முறைய விடுதேன்!"

"கிறுக்கு பிடிச்சிட்டா ஒனக்கு? இது என்ன வெளையாட்டா?" என்றாள் ரோசலி. மறு கையிலிருந்த புத்தகத்தை அமலியின் கண்ணுக்கு நேரே பிரித்து நீட்டினாள். விதி பதினான்குக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

மாதத்துக்கு ஒருநாள் சோதனைச் சங்கு ஊதுவார்கள். சோதனை என்றால் சுரங்கத்துக் காற்றை எடுக்க மாட்டார்கள், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடலாம். சோதனை என்றால் அன்று காலையிலேயே கண்சில்லில் அறிவிப்பு வந்துவிடும். அமலி அதைத்தான் வெறி பிடித்தவள் போல நினைவுபடுத்திப் பார்த்தாள். காலையில் வந்தது. ஏதோ ஒன்று நிச்சயமாக வந்தது. தோசையைத் திருப்பிப் போடும்போது கண்ணுக்குக் குறுக்கே எழுத்துகள் ஓடின. சோதனை என்று இருந்ததா, தண்ணீர் நேரம் என்று இருந்ததா?

தோசை தீய்ந்துவிடப் போகிறதே என்று அவள் இரண்டு முறை இமைத்திருந்தாள்.